வழக்கு நடுவே வரும் உத்தரவை எதிர்த்து மேலே செல்வது எப்படி?

கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் மூன்று மா நிலம் வைத்திருப்பவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டி நகர்த்தினார், வாய்க்கால் மடையையும் அடைத்தார் என்று அவர் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். தீர்ப்பு வர இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். அதற்குள்ளாகவே அவருக்கு எதிராக ஐந்து உத்தரவுகள் வந்துவிட்டன. அவர் கேட்ட இடைக்காலத் தடையாணை மறுக்கப்பட்டது. நிலத்தை அளந்து பார்க்க வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கோரிய மனு தள்ளுபடியானது. சர்வே எண்ணில் நேர்ந்த பிழையைச் சரிசெய்ய பிராதில் (வாதி தாக்கல் செய்த வழக்குரையில்) திருத்தம் கேட்ட மனுவும், எதிர்த்தரப்புச் சாட்சியை மறுபடி அழைத்துக் குறுக்கு விசாரணை செய்யக் கேட்ட மனுவும் தள்ளுபடியாயின. கடைசியாக, வாய்தா மறுக்கப்பட்டு அவர் தரப்புச் சாட்சியம் முடிக்கப்பட்டது.

வழக்காடுகிறவருக்கு இந்த ஐந்தும் ஒரே மாதிரியான அடிதான். “அப்பீல் போட்டுவிடலாம் சார்” என்று ஐந்துக்கும் ஒரே சொல்லைத்தான் அவர் சொல்வார். சட்டத்தின் கண்ணில் அவை வெவ்வேறு வகைப்பட்டவை: ஒன்றுக்கு மேல்முறையீடு உண்டு, சிலவற்றுக்கு உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வை அதிகாரத்தை மட்டுமே நாட முடியும், ஒன்றை அதே நீதிமன்றத்திலேயே சரிசெய்ய முயல வேண்டும். உத்தரவு எந்த வகை என்று பிரித்தறியாமல் மனு போட்டால் மாதங்களும் பணமும் வீணாவதோடு, உண்மையில் இருந்த வழியின் காலக்கெடுவும் கடந்துவிடும். அதனால் உத்தரவு கைக்கு வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நீதிபதி செய்தது சரியா தவறா என்பதல்ல. இது சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ், எந்தக் கட்டளையின் (ஆர்டர் எனப்படும் விதித் தொகுப்பின்) எந்த விதியின் கீழ் பிறப்பிக்கப்பட்டது என்பதே. மனுவின் தலைப்பிலேயே பெரும்பாலும் அந்த விதி எண் இருக்கும்.

எந்த உத்தரவுக்கு எந்த வழி

உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908, வழக்கு நடுவே வரும் இடைநிலை உத்தரவுகள் எல்லாவற்றுக்கும் மேல்முறையீட்டு உரிமை தரவில்லை. பிரிவு 104-இலும் கட்டளை 43, விதி 1-இலும் பட்டியலிடப்பட்ட உத்தரவுகளுக்கு மட்டுமே அது உண்டு. நீதிமன்ற வளாகத்தில் சி.எம்.ஏ. என்று சொல்லப்படும் உரிமையியல் பலவகை மேல்முறையீடு இதுதான். நம் ஊர் வழக்குகளில் அடிக்கடி தேவைப்படுபவற்றைச் சொல்கிறேன். கட்டளை 39-இன் கீழ் தடையாணை வழங்கிய அல்லது மறுத்த உத்தரவு, கட்டளை 40-இன் கீழ் தகராறிலுள்ள சொத்தைப் பார்த்துக்கொள்ள ரிசீவர் நியமித்த உத்தரவு, வாதி வராததால் தள்ளுபடியான வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்க மறுத்த உத்தரவு, பிரதிவாதி வராததால் ஒருதலையாக வழங்கிய எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணையை (டிக்ரீயை) நீக்க மறுத்த உத்தரவு, இறந்துபோன தரப்பினரின் வாரிசுகளைச் சேர்க்காததால் அற்றுப்போன வழக்குக்கு உயிர்கொடுக்க மறுத்த உத்தரவு, உரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்படி பிராதைத் திருப்பிக்கொடுத்த உத்தரவு, நீதிமன்ற ஏலத்தை ரத்து செய்த அல்லது ரத்து செய்ய மறுத்த உத்தரவு ஆகியவை இந்தப் பட்டியலில் உள்ளன. இத்தகைய மேல்முறையீட்டில் வரும் உத்தரவுக்கு எதிராக இரண்டாவது மேல்முறையீடு கிடையாது என்று பிரிவு 104-இன் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. ஆகவே இந்த ஒரு வாய்ப்பை முழு ஆயத்தத்தோடு பயன்படுத்த வேண்டும்.

பிராதை நிராகரிப்பது தனி வகை. கட்டளை 7, விதி 11-இன் கீழ் பிராது நிராகரிக்கப்பட்டால் அது வெறும் உத்தரவாகக் கருதப்படாது. பிரிவு 2(2)-இன்படி அது தீர்ப்பாணைக்குச் சமம் என்பதால், பிரிவு 96-இன் கீழ் முழு மேல்முறையீடே போட வேண்டும். நிராகரிக்கக் கோரிப் பிரதிவாதி போட்ட மனு தள்ளுபடியானால் அவருக்கு மேல்முறையீடு இல்லை. உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுதான் (ரிவிஷன்) வழி. ஒரே மனுவின் இரண்டு முடிவுகளுக்கு இரண்டு வெவ்வேறு பாதைகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணையிலும் இதே போன்ற பொறி உண்டு. தீர்ப்பாணையை நீக்கக் கோரும் மனு காலக்கெடுவுக்குள் போடப்பட்டுத் தள்ளுபடியானால் சி.எம்.ஏ. போடலாம். காலம் கடந்து, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு சேர்த்துப் போடப்பட்டு, அந்தத் தாமத மனுவே தள்ளுபடியானால், சென்னை உயர் நீதிமன்ற நடைமுறையில் அதை எதிர்க்கச் சீராய்வு மனுவே போடப்படுகிறது. தள்ளுபடியானது எந்த மனு என்று உத்தரவின் எண்ணைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பட்டியலில் இல்லாத உத்தரவுகளுக்கு முன்பெல்லாம் பிரிவு 115-இன் கீழ் தாராளமாகச் சீராய்வு மனு போடுவார்கள். 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை வெகுவாகக் குறுக்கிவிட்டது. அந்த உத்தரவு சீராய்வு கோருபவருக்குச் சாதகமாக வந்திருந்தால் வழக்கோ நடவடிக்கையோ அத்தோடு முடிந்திருக்கும் என்ற நிலை இருந்தால் மட்டுமே இப்போது பிரிவு 115-இன் கீழ் உயர் நீதிமன்றம் தலையிடலாம். பிராது நிராகரிப்பு மனு தள்ளுபடியானது அப்படிப்பட்டது: அது ஏற்கப்பட்டிருந்தால் வழக்கே முடிந்திருக்கும். ஆணையர் நியமனமோ சாட்சியை மறுபடி அழைப்பதோ அப்படிப்பட்டதல்ல.

மிஞ்சியவற்றுக்கு இருப்பது அரசியலமைப்பின் உறுப்பு 227. கீழ் நீதிமன்றங்கள் தம் அதிகார வரம்புக்குள் நடக்கின்றனவா என்று உயர் நீதிமன்றம் பார்த்துக்கொள்வதற்கான மேற்பார்வை அதிகாரம் இது. இதில் போடும் மனுவுக்கும் சி.ஆர்.பி. (உரிமையியல் சீராய்வு மனு) என்றே எண் தருவதால், இதுவும் பிரிவு 115 சீராய்வும் ஒன்றென்று பலர் குழம்புகிறார்கள். இந்த அதிகாரம் மிகவும் அகலமானது. ஆனால் மிகவும் சிக்கனமாகவே பயன்படுத்தப்படுவது. உத்தரவு தவறானது என்று காட்டினால் மட்டும் போதாது. இல்லாத அதிகாரத்தை நீதிபதி கையில் எடுத்தார், அல்லது இருந்த அதிகாரத்தைச் செலுத்த மறுத்தார், அல்லது பதிவேட்டைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும் சட்டப் பிழையால் பெரிய அநீதி நேர்ந்தது என்று காட்ட வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்தின் நீதித்துறை உத்தரவை எதிர்த்து உறுப்பு 226-இன் கீழ் ரிட் மனு போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் ராதே ஷியாம் வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. சட்டத்தில் மேல்முறையீடு இருக்கும்போது அதைத் தாண்டி உறுப்பு 227-க்கு ஓடுவதையும் 2019-இல் விருதுநகர் இந்து நாடார்கள் தர்ம பரிபாலன சபை வழக்கில் ஏறத்தாழ முழுத் தடையாகவே அது கருதியது. தடையாணை மறுக்கப்பட்டவர் சி.எம்.ஏ.-வை விட்டுவிட்டு நேரே உயர் நீதிமன்றம் சென்றால் பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படுவார்.

நெல் ஆலைக் கூட்டாண்மை, கமிஷன் மண்டிக் கணக்கு போன்ற வணிகத் தகராறுகள் வணிக நீதிமன்றத்தில் நடந்தால், வணிக நீதிமன்றங்கள் சட்டம், 2015-இன்படி இடைநிலை உத்தரவுகளுக்குச் சீராய்வு மனுவே கிடையாது. குத்தகை நிலம் பற்றி வருவாய் நீதிமன்றம் பிறப்பிக்கும் உத்தரவு, 1955-ஆம் ஆண்டுக் குத்தகைச் சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 6-பி வழியே உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும்.

எதை எதிர்க்க வேண்டியதில்லை

இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன், ஏனென்றால் வழக்காடுகிறவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். ஓர் உத்தரவை உடனே எதிர்க்காவிட்டால் அந்தத் தவறு நிலைத்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. பிரிவு 105 அந்த அச்சத்துக்கு இடம்கொடுக்கவில்லை. இடைநிலை உத்தரவில் நேர்ந்த பிழை வழக்கின் முடிவைப் பாதித்திருந்தால், கடைசித் தீர்ப்பாணையை எதிர்த்துப் போடும் மேல்முறையீட்டில் அதையும் ஒரு காரணமாக எழுப்பலாம் என்று அது சொல்கிறது. மேல்முறையீடு செய்ய முடியாத உத்தரவையும் அங்கே தாக்கலாம் என்று கட்டளை 43, விதி 1-ஏ கூறுகிறது. மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பும் உத்தரவு மட்டும் முக்கியமான விலக்கு. மேல்முறையீடு செய்யத்தக்க ரிமாண்டு உத்தரவை அப்போதே எதிர்க்காதவர் பின்னால் அதன் சரித்தன்மையைக் கேள்வி கேட்க முடியாது.

ஆகவே எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் இதுதான்: இந்த உத்தரவால் நேரும் இழப்பைத் தீர்ப்புக்குப் பிறகு ஈடுசெய்ய முடியுமா? முடியும் என்றால் காத்திருக்கலாம். மடை அடைக்கப்பட்டு, மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்த தண்ணீர் வாய்க்காலில் வந்தும் வயலுக்குள் ஏறாமல் குறுவை தவறிப்போனால், அந்தப் பருவத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. அத்தகைய தடையாணை உத்தரவை ஒரு வாரத்துக்குள் எதிர்க்க வேண்டும். வரப்பின் அளவை இன்று ஆணையர் பார்த்துக் குறிக்காவிட்டால் அடுத்த உழவில் அடையாளமே அழிந்துவிடும் என்றால், ஆணையர் மனுத் தள்ளுபடியை எதிர்ப்பதிலும் நியாயம் உண்டு. சர்வே கற்கள் அப்படியே நிற்கும் நிலத்தில், எப்போது வேண்டுமானாலும் அளக்கக்கூடிய எல்லைக்காக உயர் நீதிமன்றம் வரை போவது வழக்கை இரண்டு ஆண்டு தள்ளிப்போடுவதிலேயே முடியும்.

சாட்சியம் முடிக்கப்பட்ட உத்தரவுக்கு முதல் மருந்து அதே நீதிமன்றத்தில்தான் இருக்கிறது. வராததற்கான காரணத்தை மருத்துவச் சான்று போன்ற ஆவணத்தோடு காட்டி, வழக்கை மீண்டும் திறக்கவும் சாட்சியை அழைக்கவும் கட்டளை 18, விதி 17 மற்றும் பிரிவு 151-இன் கீழ் மனுப் போடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்ற கே.கே.வேலுசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் இந்த அதிகாரத்தின் எல்லைகளை விளக்கியிருக்கிறது. நீதி அதைக் கோரும்போது அனுமதிக்கலாம், வழக்கை இழுத்தடிக்க அனுமதிக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

எதிர்த்தரப்பு எக்ஸ்பார்ட்டி தடையாணை வாங்கியிருந்தால் அங்கும் இரண்டு வழிகள் உண்டு. அதே நீதிமன்றத்தில் தடையாணையை நீக்கும்படி கட்டளை 39, விதி 4-இன் கீழ் மனுப் போடலாம், நேரே சி.எம்.ஏ.-வும் போடலாம். பெரும்பாலும் முதல் வழியே விரைவானது. நீதிபதி உங்கள் ஆவணங்களை இன்னும் பார்க்கவே இல்லை. விதி 3-ஏ-யின்படி 30 நாட்களுக்குள் தடையாணை கேட்ட மனுவை முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும். அது நடக்காமல் வாய்தா மேல் வாய்தா போனால் மேல்முறையீடு செய்யலாம் என்று 2000-ஆம் ஆண்டில் வெங்கடசுப்பையா நாயுடு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அது விசாரணையின்போது எழுப்ப வேண்டிய எதிர்ப்பு. பதிவு செய்யாத கூறுசீட்டு (பாகப்பிரிவினைச் சீட்டு) ஒன்றை எதிர்த்தரப்பு சான்றாவணமாகக் குறியீடு செய்ய முற்படும்போது, முத்திரைக் கட்டணம் குறைவு என்று அந்த நிமிடத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்து, அதை நீதிபதி பதிவு செய்யும்படி கேட்க வேண்டும். ஆவணம் ஒருமுறை சான்றாக ஏற்கப்பட்டுவிட்டால் முத்திரைக் குறைவைக் காரணம் காட்டி அதே வழக்கில் பிறகு கேள்வி எழுப்ப முடியாது என்று இந்திய முத்திரைச் சட்டத்தின் பிரிவு 36 கூறுகிறது. மேல்முறையீட்டின் பாதி வேலை கீழ் நீதிமன்றப் பதிவேட்டிலேயே முடிந்துவிடுகிறது.

நகலும் நாட்கணக்கும்

காலவரையறைச் சட்டம், 1963-இன்படி, உயர் நீதிமன்றம் அல்லாத நீதிமன்றத்தில் போடும் மேல்முறையீட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்தில் போடுவதற்கு 90 நாள், பிரிவு 115 சீராய்வுக்கு 90 நாள், அதே நீதிமன்றத்தில் மறு ஆய்வு கேட்பதற்கு 30 நாள். உறுப்பு 227-க்குச் சட்டத்தில் கெடு இல்லை என்றாலும் தாமதத்துக்கு விளக்கம் கேட்பார்கள். 90 நாட்களுக்குள் போட்டுவிடுவது நல்லது. முன்சீப் நீதிமன்றத் தடையாணை உத்தரவுக்கு 90 நாள் இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி, இரண்டாம் மாதத்தில் வழக்குக் கட்டோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்த மேல்முறையீடு சார்பு நீதிமன்றத்துக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ செல்வது. அதற்கு 30 நாள்தான்.

உத்தரவு வந்த அன்றோ மறுநாளோ சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டுவிடுங்கள். ‘ஃபேர் ஆர்டர்’ எனப்படும் காரணங்கள் அடங்கிய உத்தரவு, ‘டிக்ரீட்டல் ஆர்டர்’ எனப்படும் முறைசார் உத்தரவு ஆகிய இரண்டுக்கும் சேர்த்தே கேளுங்கள். ஒன்று இல்லாமல் போனால் மேலே உள்ள நீதிமன்றம் கட்டைத் திருப்பிவிடும். நகல் பெற ஆன நாட்களைப் பிரிவு 12 கழித்துக்கொடுக்கும். ஆனால் நீங்கள் தாமதித்த நாட்களைக் கழிக்காது. எடுத்துக்காட்டாக, உத்தரவு ஜூன் 3, நகல் மனு ஜூன் 5, கட்டணம் கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியது ஜூன் 12, கட்டியதும் அன்றே, நகல் தயாரானது ஜூன் 20 என்று கொள்வோம். சாதாரணமாக ஜூலை 3-இல் முடியும் 30 நாள், நகலுக்கான 16 நாட்களும் சேர்ந்து ஜூலை 19 வரை நீளும். பலகையைப் பார்க்காமல் ஜூன் 17-இல்தான் கட்டினீர்கள் என்றால் அந்த ஐந்து நாள் உங்கள் கணக்கில் போய், கெடு ஜூலை 14-இல் முடிந்துவிடும். இந்தத் தேதிகள் எல்லாம் நகலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை நீங்களே ஒருமுறை தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கெடு முடியும் நாள் நீதிமன்ற விடுமுறையில் விழுந்தால், திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்யலாம்.

கெடு தவறியவர் பிரிவு 5-இன் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். 1998-இல் என்.பாலகிருஷ்ணன் வழக்கில் 883 நாள் தாமதத்தை மன்னித்ததை உச்ச நீதிமன்றம் ஏற்றது. நாட்களின் எண்ணிக்கையைவிடச் சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்றது. அதனால் “உடல்நலம் சரியில்லை” என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தேதியில் என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, தெரிந்தபின் என்ன செய்தீர்கள் என்று பிரமாண வாக்குமூலத்தில் வரிசையாக எழுதுங்கள்.

மதுரையா, சென்னையா?

உயர் நீதிமன்றம் என்றதும் டெல்டாக்காரர் ஒருவர் கவனிக்க வேண்டிய எல்லைக்கோடு ஒன்று உண்டு. 2004 ஜூலை 24-இல் தொடங்கிய மதுரைக் கிளையின் வரம்பில் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, கரூர் மாவட்டங்கள் வருகின்றன. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சென்னையிலுள்ள முதன்மை அமர்வின் கீழ் இருக்கின்றன. காரைக்கால் நீதிமன்ற உத்தரவும் சென்னைக்கே போகும். பாபநாசம் முன்சீப் உத்தரவுக்கு மதுரைக்குப் போக வேண்டும். அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள வலங்கைமான் நிலத்தைப் பற்றிய திருவாரூர் மாவட்ட நீதிமன்ற உத்தரவுக்குச் சென்னைக்குப் போக வேண்டும். வழக்காடுகிறவரின் வீடு எங்கே என்பது இதில் பொருட்டே அல்ல. உத்தரவு போட்ட நீதிமன்றம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதே கணக்கு. மதுரையில் எண்ணிடப்படும் மனுக்களில் ‘எம்.டி.’ என்ற எழுத்துகள் சேர்ந்திருக்கும்.

மனுவில் என்ன எழுதுவது

மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையாணையை முதலிலிருந்து புதிதாக முடிவு செய்யாது. கீழ் நீதிமன்றம் தன் விருப்புரிமையைத் தான்தோன்றித்தனமாகவோ, நிலைநின்ற சட்டக் கோட்பாடுகளைப் புறக்கணித்தோ பயன்படுத்தியிருந்தால்தான் தலையிடும் என்பது 1990-இல் வாண்டர் நிறுவன வழக்கில் சொல்லப்பட்டது. ஆகவே ‘நீதிபதி சான்றுகளைச் சரியாகப் பரிசீலிக்கவில்லை’ என்ற, எல்லா மனுக்களிலும் இருக்கும் வரியால் பயனில்லை. நீங்கள் தாக்கல் செய்த அடங்கலில் எந்த ஆண்டுப் பதிவு நிலம் உங்கள் அனுபவத்தில் இருப்பதைக் காட்டுகிறது, அது உத்தரவின் எந்தப் பத்தியிலும் குறிப்பிடப்படவே இல்லை என்று எழுதுங்கள். முதல்நோக்கு வழக்கு (முதல் பார்வையிலேயே தெரியும் வலு), வசதி-இடர்ச் சமநிலை (யாருக்கு அதிக இடர் என்ற ஒப்பீடு), ஈடுசெய்ய முடியாத இழப்பு என்ற மூன்றில் நீதிபதி ஒன்றை மட்டும் பார்த்து முடித்திருந்தால் அதைப் பத்தி எண்ணோடு சுட்டுங்கள். கீழ் நீதிமன்றத்தில் காட்டாத புதிய ஆவணத்தை இங்கே திடீரென்று நுழைக்க முடியாது என்பதால், இடைநிலை மனுப் போடும்போதே பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், தீர்வை ரசீது என எல்லாவற்றையும் சேர்த்துவிட்டிருக்க வேண்டும்.

எதிர்க்கப்படும் உத்தரவின் நகல், பிராது, எதிருரை, இடைநிலை மனுவின் வாக்குமூலம், அதற்கான பதில், தாக்கலான ஆவணங்கள் ஆகியவற்றைப் பக்க எண்ணிட்டு ‘டைப்டு செட்’ ஆகத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். தமிழில் எழுதப்பட்ட உத்தரவானால் மொழிபெயர்ப்புத் தேவையா என்று உயர் நீதிமன்ற வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். செலவுக்கு வழியில்லாத பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள்.

மேலே மனு இருக்கிறது, கீழே வழக்கு நடக்கிறது

மேல்முறையீடு போட்டதாலேயே எதுவும் நிற்காது. கட்டளை 41, விதி 5 இதைத் தெளிவாகச் சொல்கிறது. சீராய்வுக்கும் பிரிவு 115(3) அதையே சொல்கிறது. தடை வேண்டும் என்றால் அதற்குத் தனியே மனுப் போட்டு உத்தரவு பெற வேண்டும். “ஹைகோர்ட்டில் சி.ஆர்.பி. போட்டிருக்கிறோம்” என்று சொல்லிவிட்டுக் கீழ் நீதிமன்ற வாய்தாவுக்கு வராமல் இருந்தவர்கள் மேல் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணை விழுந்திருக்கிறது, அதற்குப் பிறகு அவர்கள் நடத்த வேண்டியது இரண்டு வழக்குகள். தடை உத்தரவு கையில் வரும்வரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து நில்லுங்கள்.

உயர் நீதிமன்றத் தடை ஆறு மாதத்தில் தானாகவே காலாவதியாகும் என்று 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பை வைத்து இன்னமும் சிலர் வாதிடுகிறார்கள். 2024 பிப்ரவரி 29-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த விதியை நீக்கிவிட்டது.

வழக்கில் வென்ற தரப்பில் நீங்கள் இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 148-ஏ-யின் கீழ் கேவியட் எனும் முன்னெச்சரிக்கை மனுவைத் தாக்கல் செய்யுங்கள். அது 90 நாள் உயிரோடு இருக்கும். அந்தக் காலத்தில் உங்களுக்கு அறிவிப்புத் தராமல் எதிர்த்தரப்பு இடைக்கால உத்தரவு வாங்க முடியாது. எந்த நீதிமன்றத்துக்கு எதிர்த்தரப்பு செல்ல முடியும் என்பதை மேலே சொன்ன பகுப்பின்படி கணித்து அங்கேயே போட வேண்டும். மதுரைக்குப் போக வேண்டிய வழக்கில் சென்னையில் கேவியட் போட்டுப் பயனில்லை.

மேல் நீதிமன்றத்தில் சாதகமான உத்தரவு வந்ததும் அதன் நகலை ஒரு மெமோவோடு அடுத்த வாய்தாவுக்கு முன்பே கீழ் நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அது வழக்குக் கட்டில் சேர்ந்துவிட்டதா என்று பென்ச் கிளார்க்கிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆணையர் நியமனத்துக்கு அனுமதி கிடைத்திருந்தால், கட்டணத்தை உடனே கட்டி, வயலில் நாற்று நடுவதற்கு முன் வரப்பு தெரியும் நாளாகப் பார்த்து ஆய்வுத் தேதியைக் கேட்டு வாங்குங்கள்.